சுருட்டுக் கூடத்துப் படிப்பகம்

எழுத்தறியாத ஒருவன், எந்த நூலைப் படிக்கலாம் என்று வாக்களிக்க முடியுமா?

முடியாது என்றுதான் மெத்தப் படித்தோர் கூறுவர். நூலைத் தேர்ந்தெடுப்பது அறிஞர் வேலை, பாமரன் அதிலே தலையிட்டால் தரம் தாழ்ந்துவிடும் என்பர். இந்தப் பேச்சு நம் நாட்டில் மட்டும் கேட்கும் பேச்சன்று. கல்வியைத் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்தவர்கள் உலகெங்கும் பேசிய பேச்சு. அதை மறுத்து எழுதப்பட்ட வாதங்கள் ஏராளம். ஆனால் வாதம் ஏதும் புரியாமல், செய்தே காட்டி மறுத்தவர்கள் ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்கள் கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலாளர்கள்.

சுருட்டு என்றதும் நமக்கு உறையூரும் திண்டுக்கல்லும் நினைவுக்கு வரும். உலகுக்கோ, ஹவானா! ஸ்பெயின் நாட்டின் ஆட்சிக்குட்பட்டுக் கிடந்த கியூபாத் தீவின் தலைநகர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அந்தத் தீவுக்குப் புகழ் தந்தவை இரண்டு, கரும்பும் புகையிலையும். கரும்புத் தோட்டத்தில் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்தனர். அடிமை முறை அங்கே ஒழிந்தது 1886ஆம் ஆண்டிலேதான். சுருட்டுக் கூடங்களிலோ வெள்ளையரும், உரிமை பெற்ற கறுப்பரும், அடிமைகளும், ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனரும் கலந்து உழைத்தனர்.

1839இல் அத்தீவைச் சுற்றிப் பார்த்த ஸ்பானிய எழுத்தாளர் ஒருவர், ஹஸிந்தோ தே சலாஸ் இ கிரோகா என்பவர், காப்பித் தோட்டம் ஒன்றிலே அடிமைகள் வாய் திறவாமல் அமர்ந்து காப்பிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த காட்சியைக் கண்டார். இந்த மௌனத்திலே யாரேனும் ஒருவர் உரக்க ஒரு நூலைப் படித்தால் இவர்தம் வேலையும் கெடாது, உள்ளமும் மலருமே என்று அவருக்குத் தோன்றிற்று. தோன்றியதை எழுதிவைத்தார், அவ்வளவே. தோட்ட முதலாளிகளுக்கு அடிமையின் கை தேவைப்பட்டதே தவிர உள்ளம் தேவைப்படவில்லை. பின்னர் ஹவானாவின் சிறைக்கூடத்தில், சுருட்டுச் சுற்றும் கைதிகளுக்கு நூல் படித்துக் காட்டும் வழக்கம் தொடங்கியதென்று கியூபாவின் பேரறிஞர் ஃபெர்னாண்டோ ஓர்டீஸ் குறிக்கிறார். சிறையிலே பிறந்தது செவிவழிக் கல்வி! வெளியே இருந்த தொழிலாளிக்கு அது வந்து சேர 1865ஆம் ஆண்டு ஆயிற்று.

சுருட்டுச் சுற்றும் தொழிலின் தன்மையை நோக்கினால், அது வந்தது ஏன் என்பது விளங்கும். நெசவாலையிலும் இரும்பாலையிலும் இயந்திரம் இரையும். பக்கத்தில் இருப்பவன் பேசுவதே காதில் விழாது. சுருட்டுக் கூடத்திலோ இயந்திரமே இல்லை. வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தொழிலாளி. கையிலே பிறை வடிவக் கத்தி. அதற்கு ‘சவேத்தா’ என்று பெயர். இலையை விரிப்பான், நறுக்குவான், சுற்றுவான், ஒட்டுவான். பழகிய கைக்குக் கண்ணின் துணைகூட அதிகம் வேண்டாம். நாள் முழுதும் அதே அசைவு. கைக்கு வேலை, செவிக்கு ஓய்வு, சிந்தனைக்குப் பட்டினி!

அந்தப் பட்டினியைப் போக்கப் புறப்பட்டவர் சத்துர்னீனோ மார்ட்டீனெஸ். அவரே சுருட்டுத் தொழிலாளி, கவிதை எழுதுபவர், ஓய்வு நேரத்தில் நூலகத்திலே பணிபுரிந்தவர். 1865 அக்டோபரில் ‘லா அவ்ரோரா’ (விடியல் என்பது பொருள்) என்ற ஏட்டை அவர் தொழிலாளருக்காகத் தொடங்கினார். ஏடு அச்சாயிற்று. ஆனால், யாருக்காக ஏடு தொடங்கினாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது! இடியென வந்த இந்த இடையூற்றுக்கு மருந்து எளியதாக இருந்தது. படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும்.

1865 டிசம்பர் 21ஆம் நாள், ஹவானாவின் எல் ஃபீகரோ தொழிற்சாலையில் முதல் வாசிப்பு நடந்தது. ஏறத்தாழ 300 தொழிலாளர் அங்கு இருந்தனர். தம்முள் ஒருவனையே படிப்போனாக அமர்த்தினர். சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆகவே படித்துக்கொண்டிருப்பவன் கூலியை இழப்பான். அந்த இழப்பை மற்றவர்கள் தத்தம் கூலியிலிருந்து கொடுத்து ஈடுகட்டினர். முதலாளியின் தருமம் அன்று, அரசின் மானியம் அன்று. நூலைக் கேட்க வேண்டும் என்பதற்காக, அன்றாடம் காய்ச்சிகள் தம் கூலியிலே கிள்ளிக் கொடுத்த காசு! இந்தக் காசுதான் பின்னர் எல்லாவற்றுக்கும் வேர். காசு கொடுத்தவன் நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையும் கொண்டான்.

சில திங்களுக்குள் பர்த்தகாஸ் முதலான பெருந் தொழிற்சாலைகளுக்கும் இவ்வழக்கம் பரவிற்று. படிப்பவருக்கென மேடையும் எழுந்தது.

சும்மா இருப்பார்களா ஆளவந்தார்கள்? ‘தியாரியோ தே லா மரீனா’ என்ற பழமைவாத ஏடு இந்த வாசிப்பைக் கண்டு சீறிற்று. 1866 மே திங்களில் ஹவானா ஆளுநர் கட்டளை பிறப்பித்தார்: தொழிற்கூடங்களில் நூலோ செய்தித்தாளோ படித்துத் தொழிலாளர் கவனத்தைக் கலைக்கக் கூடாது, வேலைக்குத் தொடர்பற்ற விவாதங்களும் நடத்தக் கூடாது. கண்காணிக்கக் காவல் துறை! கவனம் கலைகிறது என்பது காரணமாம். கூலியோ எண்ணிக்கைக்கு. கவனம் கலைந்து எண்ணிக்கை குறைந்தால் நட்டம் தொழிலாளிக்கு. அவன் வருந்தவில்லை, ஆளுநர் வருந்துகிறார்! நூல் கேட்டதைவிட, கேட்டபின் அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதே ஆளுநரை அச்சுறுத்தியது என்பதற்கு, விவாதத்தையும் சேர்த்துத் தடுத்த அந்தக் கட்டளையே சான்று. தனியாக ஒருவன் நூலைப் படித்து மூடி வைத்தால் ஆட்சிக்கு அதனால் ஆபத்து குறைவு. முந்நூறு பேர் ஒரே நூலை ஒரே நேரத்தில் கேட்டு, “அவன் செய்தது சரியா?” என்று ஒருவரையொருவர் வினவத் தொடங்கினால், அடுத்து அவர்கள் வினவப்போவது யாரை?

1868இல் ஸ்பெயினை எதிர்த்துப் பத்தாண்டுப் போர் மூண்டது. அடக்குமுறைக்கு அஞ்சியும், பிழைப்பை நாடியும் ஆயிரக்கணக்கான சுருட்டுத் தொழிலாளர் கடலைக் கடந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள கீ வெஸ்ட் தீவிலே குடியேறினர். முதலாளிகளும் பின்தொடர்ந்தனர். விசெந்தே மார்ட்டீனெஸ் இபோர் என்ற சுருட்டு முதலாளி 1869இல் கீ வெஸ்டுக்கும், பின்னர் 1886 அளவில் டாம்பாவுக்கும் தொழிற்சாலையை மாற்றினார். டாம்பாவில் அவர் பெயராலேயே இபோர் நகர் எழுந்தது. கத்தியையும் பலகையையும் எடுத்துச் சென்ற தொழிலாளர், வாசிப்பையும் எடுத்துச் சென்றனர். ஆளுநரின் கட்டளை எட்டாத இடத்திலே அது செழித்து வளர்ந்தது.

டாம்பாவின் முறைதான் நம் கவனத்துக்கு உரியது. ஆகவே அதைச் சற்று விரித்துரைக்கிறேன்.

படிப்பவருக்கு ‘லெக்டோர்’ என்று பெயர். இப்போது அவர் சுருட்டுச் சுற்றுபவர் அல்லர். வாசிப்பே அவர் தொழில். யார் வேண்டுமானாலும் அந்த இடத்துக்கு வந்துவிட முடியாது. மேடையேறிப் படித்துக் காட்ட வேண்டும். தொழிலாளர் கேட்டு வாக்களிப்பர். ஒலிபெருக்கி இல்லாத காலம். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த கூடத்தின் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். குரல் மட்டும் போதாது. நாவலில் வரும் கிழவனுக்குக் கிழவன் குரல், சிறுமிக்குச் சிறுமி குரல் என்று மாற்றிப் பேசி நடிக்கவும் வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியும் வாரத்துக்கு 25 சென்ட் அளவில் அவருக்குக் கொடுத்தார். காலையிலே செய்தித்தாள்களும் அரசியல் கட்டுரைகளும், பிற்பகலிலே நாவல்.

எந்த நாவல்? இங்கேதான் வாக்குச் சீட்டு வருகிறது. ஒரு நாவல் முடியும் தறுவாயில், லெக்டோர் வேறு சில நூல்களைக் கொண்டுவருவார். ஒவ்வொன்றின் கதைப் போக்கையும் சுருக்கமாக எடுத்துரைப்பார். தொழிலாளர் தமக்குள் விவாதிப்பர். ஒருவன் போன மாதம் கேட்ட கதையில் காதல் மிகுதி, போராட்டம் குறைவு என்பான். மற்றொருவன் நாளெல்லாம் உழைப்பவனுக்குக் கொஞ்சம் கதைச்சுவை வேண்டாமா என்பான். பிறகு வாக்கெடுப்பு, பெரும்பான்மை பெற்ற நூல் மேடையேறும். தாம் அமைத்த குழு ஒன்று பணம் திரட்டுவதையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளும். எழுத்தறிந்தவனுக்கு இரண்டு வாக்கு, அறியாதவனுக்கு ஒன்று என்ற பேதமில்லை.

கேட்ட நூலைப் பற்றிய கருத்தையும் உடனுக்குடன் அறிவித்தனர். பிடித்த இடம் வந்தால் கத்தியைப் பலகையில் தட்டுவர். கூடமெங்கும் அந்த ஒலி கலகலக்கும். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையிலே போடுவர். திறனாய்வாளர் பத்துப் பக்கம் எழுதிச் சொல்லும் முடிவை, அரைக் கணத்தில் சொல்லிவிடும் அந்தக் கத்தி!

தரம் தாழும் என்றார்களே, தாழ்ந்ததா? அவர்கள் விரும்பித் தேர்ந்த நூல்களைப் பாருங்கள். செர்வாந்தெஸ் எழுதிய ‘தோன் கிஹோத்தே’, விக்டர் யூகோவின் ‘ஏழை படும் பாடு’, எமிலி ஜோலாவின் சுரங்கத் தொழிலாளர் கதையான ‘ஜெர்மினல்’, அலெக்ஸாந்தர் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’. கட்டுரை நூல்களிலே பொதுவுடைமையும் க்ரோப்போட்கினும். டூமாவின் கதை அவர்கள் நெஞ்சை அவ்வளவு கவர்ந்ததால்தான் மான்டேகிறிஸ்டோ என்ற பெயரே ஒரு புகழ்மிக்க சுருட்டுக்கு 1935இல் சூட்டப்பட்டது என்பர். இவற்றோடு கண்ணீர்க் காதல் கதைகளும் ஏராளமாகத் தேர்வு பெற்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. காதல் கதையும் கேட்டவர்கள்தாம் ஜோலாவையும் கேட்டார்கள். பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றவர்களிலே இத்தனை நூல்களை முற்றும் அறிந்தவர் எத்தனை பேர்? பட்டம் பெற்றவன் என்ற முறையில் கேட்கிறேன். விடை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

சிசிலித் தீவிலிருந்து வந்து சேர்ந்த இத்தாலியத் தொழிலாளர், இந்த மேடையைக் கேட்டே ஸ்பானிய மொழி பயின்றனர். பெண்களும் கூடத்தில் இருந்தனர். புகையிலையின் நரம்பு கிழிக்கும் வேலை அவர்களுடையது. மேடையிலும் பெண் ஏறியதுண்டு. போர்த்தோ ரிக்கோவைச் சேர்ந்த லூயிசா கப்பெத்தீயோ, தம் நாட்டிலும், 1913 வாக்கில் இபோர் நகரிலும் லெக்டோராக விளங்கினார். பெண் விடுதலைக்காக எழுதியவர். காற்சட்டை அணிந்து வீதியிலே நடந்தார் என்பதற்காக 1915இல் ஹவானாவில் கைது செய்யப்பட்டவர்! பெண் சமைக்க வேண்டும், ஆண் படிக்க வேண்டும் என்று எண்ணிய காலத்தில், நூற்றுக்கணக்கான ஆண்கள் தலை குனிந்து வேலை செய்ய, ஒரு பெண் தலை நிமிர்ந்து நின்று நூல் படித்தார்.

விடுதலைப் போருக்கும் இம்மேடை பாசறையாயிற்று. 1891 நவம்பரில் கியூபாவின் விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி டாம்பாவுக்கு வந்து உரையாற்றியபோது, அவரைப் புரிந்துகொள்ளும் பக்குவம் பெற்ற கூட்டம் ஆயத்தமாகக் காத்திருந்தது. இருபதாண்டு வாசிப்பு பயிரிட்ட பக்குவம் அது. போர் நிதிக்கு அவர்கள் கூலியில் ஒரு பங்கை அளித்தனர்.

நமக்கு அண்மையிலும் இதன் உடன்பிறப்பு உண்டு. கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில், பீடி சுற்றும் தொழிலாளர் தம்முள் ஒருவரைச் செய்தித்தாளும் நூலும் படிக்கச் சொல்லி, அவர் பங்குப் பீடியைத் தாங்கள் சுற்றிக் கொடுத்த வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. கியூபாவைப் பார்த்து அவர்கள் செய்ததாக யாரும் கூறவில்லை. ஒரே வகைத் தொழில், ஒரே வகைப் பசி, ஒரே வகை மருந்து!

இனி, மற்றொரு வகைத் தேர்வையும் ஒப்பிட்டுக் காண வேண்டும். அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டு ‘மாத நூல் மன்றம்’ தொடங்கப்பட்டது. அறிஞர் ஐவர் கொண்ட குழு மாதம் ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும். உறுப்பினர் இல்லத்துக்கு அஞ்சலில் வந்து சேரும். நூல் பரவ இது பெருந்துணை புரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நடந்த ஒன்றைக் கேளுங்கள். கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்டு ரைட் எழுதிய ‘நேட்டிவ் சன்’ நாவல் 1940இல் மன்றத்தின் தேர்வாயிற்று. தேர்வுக்கு முன்னர், சில பகுதிகளை நீக்கவும் மாற்றவும் மன்றம் விரும்பியது, நூல் மாறிற்று. ஐந்தாண்டு கழித்து அவர்தம் தன்வரலாறு வந்தது. அதில் தென்மாநிலங்களின் கொடுமையைக் கூறும் முற்பகுதி மட்டும் போதும் என்றது மன்றம். வடக்கே சிகாகோ நகரில் அவர் கண்ட நிறவெறியைக் கூறும் பிற்பகுதி விடப்பட்டு, 1945இல் ‘பிளாக் பாய்’ என வெளிவந்தது. விடுபட்ட பகுதி 1977இலேதான் தனி நூலாயிற்று. அப்போது ரைட் மறைந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரு நூல்களும் அவர் எழுதிய வண்ணம் வெளிவர 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. மாதந்தோறும் பணம் செலுத்திய ஆயிரமாயிரம் உறுப்பினருக்கு, தம் கைக்கு வந்தது பாதி நூல் என்பதே தெரியாது.

முற்போக்காளர் நடத்தினால் இக்குறை நேராதோ? இங்கிலாந்தில் பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ் 1936இல் ‘இடதுசாரி நூல் மன்றம்’ கண்டார். தேர்வாளர் மூவர்: கொலான்ஸ், ஹெரால்டு லாஸ்கி, ஜான் ஸ்ட்ரேச்சி. மூவரும் பேரறிவாளர். மன்றம் 57,000 உறுப்பினர் வரை வளர்ந்தது. ஊர்தோறும் கூடி விவாதிக்கும் குழுக்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. பாசிசத்தை எதிர்க்க அம்மன்றம் செய்த தொண்டு பெரிது. இந்தியாவின் வறுமைக்குக் காரணம் யார் என்று கூறும் பாமி தத்தின் ‘இன்றைய இந்தியா’வையும் 1940இல் அதுவே வெளியிட்டது. ஆயினும், 1937இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூலை வெளியிட்டபோது, அதன் பிற்பகுதிக் கருத்துகளை மறுத்துக் கொலான்ஸ் தாமே ஒரு முன்னுரை எழுதிச் சேர்த்தார். அதுவாவது நேர்மையான முறை. மறுப்பையும் படி, நூலையும் படி என்றார். ஆர்வெல்லின் அடுத்த நூலான ஸ்பெயின் போர் அனுபவத்தையோ, எழுதி முடிக்கப்படு முன்னரே வெளியிட இயலாதென்று மறுத்துவிட்டார். கட்சி நலனுக்குக் கேடாகும் என்று அஞ்சினார். அந்நூல் 1938இல் வேறொரு பதிப்பகத்தின் வழியே வந்தது. கூடி விவாதித்த அத்தனை குழுக்களும் மூவர் கொடுத்த நூலை விவாதிக்கலாம். கொடாத நூலைப் பற்றி என்ன செய்வர்?

அந்த மூவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. டாம்பாவின் வாக்கெடுப்பும் தவறாத தராசு அன்று. பெரும்பான்மைக்குப் பிடிக்காத அரிய நூல்கள் அங்கேயும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் அடுத்த முறை மீண்டும் முன்மொழிய வழி இருந்தது, எதிர்த்து வாதாட இடம் இருந்தது. எது ஒதுக்கப்பட்டது என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரைட்டின் வாசகருக்கு அதுகூடத் தெரியவில்லையே!

டாம்பா முதலாளிகளுக்கு இந்த மேடை முள்ளாக உறுத்திற்று. வேலைநிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் மூலகாரணம் மேடைதான் என்றனர். 1920இல் தொடங்கிப் பத்து மாதம் நீடித்த வேலைநிறுத்தம் 1921இல் தோற்றதும், முதலாளிகள் முதலில் பறித்தது வாசிப்பைத்தான். 1926இல் தொழிலாளர் அதை மீட்டனர். 1931 நவம்பரில், வாணிப நெருக்கடியும் வேலையின்மையும் வாட்டிய வேளையில், முதலாளிகள் மீண்டும் தாக்கினர். மேடையிலிருந்து பொதுவுடைமைப் பிரசாரம் நடக்கிறதென்று குற்றஞ்சாட்டி, வாசிப்பையே ஒழித்துவிட்டதாக அறிவித்தனர், மேடைகள் அகற்றப்பட்டன. கூலி உயர்வுக்காக அன்று, நூல் கேட்கும் உரிமைக்காக ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். முதலாளிகள் கதவடைத்தனர். கைதுகள், அடக்குமுறை, பசி. டிசம்பரில் கதவு திறந்தபோது, தொழிலாளர் தத்தம் பலகைக்குத் திரும்பினர், லெக்டோர் திரும்பவில்லை.

மேடை இருந்த கூடத்திலே வானொலிப் பெட்டியை வைத்தனர். அதுவும் பேசும், பாடும், செய்தி கூறும். அடுத்து எது வேண்டும் என்று மட்டும் கேட்காது. சில ஆண்டுகளில் சுருட்டுச் சுற்றும் இயந்திரம் வந்து, அதன் இரைச்சலில் எல்லாம் அடங்கிற்று.

கியூபாவில் மட்டும் அம்மரபு அறவில்லை. ஒலிபெருக்கியின் துணையோடு அங்கே வாசிப்பு தொடர்ந்தது. 2012இல் கியூப அரசு அதைத் தன் நாட்டின் பண்பாட்டுச் செல்வமென்று அறிவித்தது. மேடையிழந்த டாம்பா லெக்டோர்கள் வேறு வேறு தொழில்களுக்குச் சிதறினர். அவர்களுள் விக்டோரியானோ மந்தேய்கா என்பவர் மட்டும் ஒரு முன்னேற்பாடு செய்து வைத்திருந்தார். 1922இலேயே, வாசிப்பு தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், ‘லா கசேத்தா’ என்ற ஏட்டை அவர் தொடங்கியிருந்தார். ஸ்பானியம், இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அது வெளிவந்தது. கூடத்தில் அவர் குரலைக் கேட்டவர்கள் பேசிய மொழிகள் அவை.